முந்நூறு இடுப்புகளுக்குக் கணக்குச் சொன்ன மனிதர்

எக்ஸ்றே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு வைத்தியர் பேனாவின் முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். அது என் வலது இடுப்பு. தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அதைத் தாங்கும் கிண்ணத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி ஒன்று வளைந்து போனது. கசியிழையம் எக்ஸ்றேயில் தெரியாது, அது இருக்கிற இடம்தான் இப்படி இடைவெளியாகத் தெரியும் என்று விளக்கினார். பிறகு பேனா இடது பக்கம் நகர்ந்தது. அங்கே இடைவெளி இல்லை. எலும்போடு எலும்பு முட்டிக்கொண்டு நின்றது.

2009 மார்ச்சில் மாத்தளனில், பங்கர் வாசலுக்குப் பக்கத்தில் விழுந்த செல்லின் துண்டொன்று அந்தக் கிண்ணத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. காயக்காரரோடு காயக்காரராகக் கப்பலில் ஏற்றினார்கள். துண்டை எடுத்தார்கள். எலும்பு பொருந்தியது, தோல் மூடியது. நான் தப்பிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள, வெள்ளையாய், வழுவழுப்பாய் எலும்பின் முனையை மூடியிருக்கும் உறைதான் கசியிழையம். அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே ஒரு தடவை நன்றாகச் சேதமானால் பழையபடி வளராது. அதற்கு நரம்பும் கிடையாது. ஆகவே தேயும்போது நோகாது. தேய்ந்து முடிந்து, அடியில் உள்ள எலும்பு வெளிப்பட்ட பிறகுதான் நோ தொடங்கும். எனக்கு அது தொடங்கியபோது போர் முடிந்து எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் சைக்கிள் போனது. பிறகு நிலத்தில் சம்மணம் போட்டு இருப்பது போனது. கடைசியில் இரவு நித்திரையும் போனது.

மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானது. பழைய காயத்தில் கிருமி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு திகதிக்காகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் ஜோன் சார்ன்லியின் வாழ்க்கையை வாசித்தேன். என் உடம்புக்குள் வரப்போகிற பொருளை யார் உருவாக்கினார், எப்படி உருவாக்கினார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். முன்பொரு தடவை ஓர் இரும்புத் துண்டு என்னிடம் எதுவும் கேட்காமல் உள்ளே வந்திருந்தது. இந்தத் தடவை வருவதன் ஊர், பெயர், வரலாறாவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

சார்ன்லி 1911 ஓகஸ்ட் 29இல் இங்கிலாந்தின் லங்கஷயரில், மன்செஸ்ரருக்கு அருகிலுள்ள பெரி என்ற பட்டினத்தில் பிறந்தவர். தகப்பன் மருந்துக் கடை வைத்திருந்தார். தாய் தாதியாக வேலை செய்தவர். நெசவாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. பையனுக்குக் கடைசல் இயந்திரத்திலும் கருவிகளிலும் இருந்த ஆர்வம் கடைசிவரை போகவில்லை. மன்செஸ்ரரில் மருத்துவம் படித்து 1935இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே, 25 வயதில், சத்திரசிகிச்சையில் உயர் தகைமையும் பெற்றார்.

1940இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த உடனேயே டன்கேர்க் வந்தது. பிரான்ஸின் கடற்கரையில் ஒதுக்கப்பட்டு, முன்னால் கடலும் பின்னால் எதிரியுமாக நின்ற படையினரைக் கப்பல்களிலும் படகுகளிலும் ஏற்றிக் கொண்டுவந்த அந்த மீட்பு வேலையில் இந்த இளம் வைத்தியரும் இருந்தார். இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன். கடற்கரையில் காயக்காரர்கள் கப்பலுக்குக் காத்துக்கிடப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விவரிக்கத் தேவையில்லை.

பிறகு அவரை எகிப்துக்கு அனுப்பினார்கள். கெய்ரோவில் எலும்பு முறிந்த படையினருக்குச் சிகிச்சை செய்ததோடு, மட்டைகளும் சத்திரசிகிச்சைக் கருவிகளும் செய்யும் பட்டறை ஒன்றையும் நடத்தினார். இருக்கிற கருவி சரியில்லை என்றால் புதிதாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது.

போர் முடிந்து திரும்பியவர் ஒஸ்வெஸ்ட்ரியிலுள்ள என்பியல் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒட்டவைத்த எலும்பு எப்படி வளர்கிறது என்று அறிய விரும்பினார். அதற்காக இளைய வைத்தியர் ஒருவரைச் சம்மதிக்க வைத்துத் தன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலேயே சத்திரசிகிச்சை செய்வித்தார். அந்த எலும்பில் கிருமி தொற்றியது. மறுபடியும் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. புத்திசாலித்தனமான காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறரில் செய்து பார்க்கத் துணியாததைத் தன்னில் செய்து பார்த்தார் என்பதைக் குறித்துக்கொண்டேன். இந்தக் குணம் பின்னால் இன்னொரு தடவை வரும்.

1947இல் மன்செஸ்ரரில் நிபுணரானார். முறிந்த எலும்புகளை வெட்டித் திறக்காமல் வெளியிலிருந்தே சீர்செய்வது பற்றி 1950இல் அவர் வெளியிட்ட நூல் பல தலைமுறை வைத்தியர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அத்தோடு நின்றிருந்தாலும் அவரை நினைத்திருப்பார்கள். அவருடைய கவனத்தை இடுப்பு மூட்டின் பக்கம் திருப்பியது ஒரு கீச்சொலி.

அந்தக் காலத்தில் தேய்ந்த இடுப்புக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. மூட்டை அசையாதபடி எலும்போடு எலும்பாக இறுக்கிவிடுவார்கள். நோ போகும், அசைவும் போகும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஸ்மித்-பீற்றர்சன் என்ற நிபுணர் 1923இல் வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார். ஒரு நோயாளியின் முதுகிலிருந்து கண்ணாடித் துண்டொன்றை எடுத்தபோது, அதைச் சுற்றி உடம்பு வழுவழுப்பான சவ்வு ஒன்றை வளர்த்திருந்ததை அவர் கண்டார். அப்படியானால் தேய்ந்த மூட்டின் நடுவே கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்தால் உடம்பு புதிய கசியிழையத்தை வளர்க்காதா என்று யோசித்தார். கண்ணாடி உடைந்தது. பல வருடங்களுக்குப் பிறகு உலோகக் கலவையில் செய்தபோது பலருக்கு ஓரளவு பலன் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் தொடை எலும்பின் தலையை அக்கிரிலிக் பிளாஸ்ரிக்கில் செய்து பொருத்தினார்கள்.

அப்படியொரு பிளாஸ்ரிக் தலை பொருத்தப்பட்ட மனிதர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையும் போதெல்லாம் மூட்டு கீச்சென்று சத்தமிட்டது. அவருடைய மனைவிக்கு அவர் இருக்கும் அறையில் இருக்கவே பிடிக்கவில்லை. வேறொருவர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். சார்ன்லி விடவில்லை. சத்தம் வந்தால் உராய்வு இருக்கிறது. உராய்வு இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தலையை எலும்பிலிருந்து முறுக்கி ஆட்டுகிற ஒரு விசை இருக்கிறது. ஆகவே அது ஒரு நாள் கழன்றே தீரும். பொருத்திய ஆரம்பத்தில் நன்றாக இருந்துவிட்டுச் சில வருடங்களில் நோயாளிகள் திரும்பி வருவதன் காரணம் இதுதான் என்று அவர் கண்டார்.

துண்டிக்கப்பட்ட காலொன்றின் மூட்டை எடுத்து உராய்வை அளந்து பார்த்தார். இயற்கை மூட்டின் உராய்வு, பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவாக இருந்தது. அந்த வழுக்கும் தன்மை கசியிழையத்துக்கும் மூட்டுத் திரவத்துக்கும் உள்ள உறவினால் வருவது. கசியிழையம் போய்விட்டால் அந்தத் திரவம் உலோகத்தையோ பிளாஸ்ரிக்கையோ அப்படி வழுக்க வைக்காது. ஆகவே தானாகவே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும். அப்போது கிடைத்தவற்றுள் அதிகம் வழுக்கும் பொருள் ரெஃப்லோன். இன்று நம் வீட்டு ஒட்டாத தாச்சியில் பூசியிருக்கிறார்களே, அதே பொருள்தான்.

முதலில் எலும்புத் தலையின் மேல் ஒன்றும் கிண்ணத்துக்குள் ஒன்றுமாக இரண்டு மெல்லிய ரெஃப்லோன் உறைகளைப் பொருத்தினார். போன கசியிழையத்துக்குப் பதில் செயற்கைக் கசியிழையம், அவ்வளவுதான் எண்ணம். அது நிலைக்கவில்லை. பிறகு எலும்புத் தலையையே அகற்றிவிட்டு, தண்டோடு கூடிய உலோக உருண்டையைத் தொடை எலும்புக்குள் இறக்கி, தடித்த ரெஃப்லோன் கிண்ணத்தில் சுழலவிட்டார். உருண்டையை வரவரச் சிறிதாக்கிக் கடைசியில் ஏறக்குறைய 22 மில்லிமீற்றரில் நிறுத்தினார். இயற்கைத் தலையின் பாதியளவுதான். மெல்லிய அச்சில் சக்கரம் இலகுவாகச் சுற்றும் என்பது வண்டில் செய்பவருக்குத் தெரியும். அதே கணக்கு. உலோகத்தையும் கிண்ணத்தையும் எலும்பில் இருத்துவதற்குப் பல் வைத்தியர்கள் பாவித்த அக்கிரிலிக் சீமெந்தை எடுத்தார். அது பசை போல ஒட்டுவதில்லை. மேசன் இடுக்குகளை நிரப்பி இறுக்குவதுபோல எலும்பின் துவாரங்களை நிரப்பிப் பாரத்தைப் பரவலாகத் தாங்கும்.

இந்த வேலையை அவர் செய்த இடம் பெரிய நகரத்து வைத்தியசாலை அல்ல. விகன் நகருக்கு அருகே, நாட்டுப்புறத்திலிருந்த ரைற்றிங்ரன் என்ற பழைய காசநோய் வைத்தியசாலை. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டதால் அங்கே கட்டில்கள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. ரெஃப்லோன் கிண்ணங்கள் சிலவற்றைத் தன் வீட்டுப் பட்டறையில் தானே கடைந்தார். பிறகு ஹரி கிரேவன் என்ற தொழில்நுட்பவியலாளர் வந்து சேர்ந்தார்.

பலன் அற்புதமாக இருந்தது. வருடக்கணக்காக நித்திரையில்லாமல் கிடந்தவர்கள் சில நாட்களில் நோவின்றி எழுந்து நடந்தார்கள். 1961 மே மாதம் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் இந்தப் புதிய சத்திரசிகிச்சை பற்றி எழுதினார். 1958 முதல் நான்கு வருடங்களில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ரெஃப்லோன் கிண்ணம் பொருத்தப்பட்டிருந்தது.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

எக்ஸ்றேயில் உலோக உருண்டை கிண்ணத்தைக் குடைந்துகொண்டு மேலே போயிருந்தது. ரெஃப்லோன் வழுக்கியது உண்மை. ஆனால் பாரத்தின் கீழ் அது சவர்க்காரம் கரைவதுபோலத் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சும்மா கிடக்கவில்லை. உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் சுற்றியிருந்த எலும்பே கரைந்தது. கத்தி வைத்துத் திறந்தால் உள்ளே கட்டிப்பட்ட பால் போல ஒரு பொருள் நிறைந்திருந்தது. ஓரிருவருக்கு நேர்ந்த தவறென்று ஒதுக்கிவிட முடியவில்லை. பொருளே தவறு. ஆகவே முந்நூறு பேருக்குள்ளும் அது நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். நோயாளிகளின் எலும்பு பலவீனம் என்று சொல்லலாம். அறிவுறுத்தியபடி நடக்கவில்லை என்று சொல்லலாம். வேறொருவரிடம் அனுப்பிவிடலாம். பேசாமலே இருந்துவிடலாம். சார்ன்லி தோல்வியைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டார். தன் நோயாளிகளுக்குத் தானே மறுபடியும் சத்திரசிகிச்சை செய்து, தேய்ந்த கிண்ணங்களை எடுத்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதினார். துகள் உடம்பில் என்ன செய்கிறதென்று உறுதிசெய்ய ரெஃப்லோனைத் தன் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டார். மாதங்கள் செல்ல அது தோலின் கீழ் வீங்கித் திரண்டது. அதையும் 1963இல் அதே லான்செற் சஞ்சிகையில் எழுதினார். வெற்றியை எழுதிய இடத்திலேயே தோல்வியையும் எழுதினார்.

இதற்கிடையில் 1962இல், நெசவு இயந்திரங்களின் பற்சில்லுகளுக்கான ஒரு பிளாஸ்ரிக்கை விற்க விற்பனையாளர் ஒருவர் ரைற்றிங்ரனுக்கு வந்தார். மிகக் கனத்த மூலக்கூறுகளைக் கொண்ட பொலிஎதிலீன் அது. சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து, இது உதவாது என்று ஒதுக்கிவிட்டார். ஹரி கிரேவனுக்கு மனம் கேட்கவில்லை. சார்ன்லி கொப்பன்ஹேகனுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தத் துண்டைத் தன் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் பூட்டி இரவுபகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும் ரெஃப்லோன் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி இயந்திரத்தைப் பார்த்தார். தான் நினைத்தது பிழை என்று ஏற்றுக்கொள்ள அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. 1962 நவம்பரில் பொலிஎதிலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு மனித இடுப்புக்குள் போனது.

இதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் என்னை அதிகம் பாதித்தது. இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. சுடுபட்டவர் அல்லவா. இங்கிலாந்திலும் வெளிநாடுகளிலும் வைத்தியர்கள் அந்த மூட்டைக் கேட்டு நின்றபோதும் பல வருடங்கள் அதைப் பொதுவிற்பனைக்கு விடவில்லை. ரைற்றிங்ரனுக்கு வந்து பழகியவர்களுக்கு மட்டுமே கொடுக்கும்படி, அதைச் செய்த லீட்ஸ் நகரத்து நிறுவனத்தோடு ஏற்பாடு செய்திருந்தார். நோயாளிகளை வருடா வருடம் அழைத்து எக்ஸ்றே எடுத்தார். இன்னொன்றும் கேட்டார். நீங்கள் இறந்த பிறகு அந்த மூட்டை நாங்கள் திருப்பி எடுத்துப் பார்க்க அனுமதி தாருங்கள் என்று அவர்களிடமே கேட்டார். பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். தன் வேலைக்கான கணக்கை நோயாளியின் மரணத்துக்குப் பிறகும் முடிக்காமல் வைத்திருந்த வைத்தியர் அவர்.

கிருமித் தொற்றையும் அவர் விதியென்று விடவில்லை. ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவில் மூட்டில் கிருமி தொற்றியது. செயற்கை மூட்டில் கிருமி ஏறினால் நோயாளியின் கதி என்ன என்பது அவருக்குத் தெரியும். தன் காலில் அனுபவித்தவர். தியேட்டருக்குள்ளே கண்ணாடி அறை போன்ற ஒரு கூடு கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழே ஓடவிட்டார். சத்திரசிகிச்சை செய்பவர்களின் மூச்சுக் காற்றைக் குழாயால் இழுத்து வெளியேற்றும் உடுப்பை உருவாக்கினார். பத்து வருடங்களில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று உலகமெங்கும் மூட்டு மாற்றுத் தியேட்டர்களில் மேலிருந்து வீசும் சுத்தக் காற்றின் தொடக்கம் அந்தக் கூடுதான்.

1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், 1975இல் றோயல் சங்கத்தின் உறுப்புரிமையும், 1977இல் சேர் பட்டமும் அவருக்கு வந்தன. முன்கோபக்காரர், தன்னோடு வேலை செய்தவர்களைப் படுத்தியெடுத்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். 1982 ஓகஸ்ட் 5இல், எழுபது வயதில், மாரடைப்பால் காலமானார். அவரிடம் மூட்டு வாங்கிய பலர் அவருக்குப் பின்னும் பல வருடங்கள் நடந்து திரிந்தார்கள்.

எனக்குச் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் வோக்கரைப் பிடித்தபடி எழுந்து நின்றேன். தையல் வலித்தது. ஆனால் அந்தப் பழைய நோ, எலும்போடு எலும்பு உரசுகிற நோ, இல்லை. அது இல்லை என்று நம்புவதற்கு எனக்கு இன்னும் இரண்டு அடி தேவைப்பட்டது. பக்கத்துக் கட்டில் அம்மா ஏன் அழுகிறீர்கள், நோகிறதா என்று கேட்டார். நோகவில்லை, அதுதான் என்று சொன்னேன்.

நிலத்தில் சம்மணம் போட்டு இருக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். குந்தி இருக்கவும் கூடாது. இந்த மூட்டும் தேயும். சார்ன்லி ஆரம்பத்தில் வயதானவர்களுக்கு மட்டுமே இதைச் செய்ய விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நாற்பதுகளில் இருக்கும் எனக்கு இன்னொரு தடவை மாற்ற வேண்டி வரலாம். இதையெல்லாம் வைத்தியர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். இன்றைய பிளாஸ்ரிக் அன்றையதைவிடப் பலமானது, ஆனால் அடிப்படைக் கணக்கு ரைற்றிங்ரனில் போட்ட கணக்குத்தான்.

வீட்டுக்கு வரும்போது என் கிளினிக் கொப்பியில் சிறிய லேபல்கள் ஒட்டியிருந்தன. கிண்ணத்துக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, உருண்டைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் செய்த நிறுவனத்தின் பெயர், அளவு, இலக்கம். நாளை இதில் ஏதும் பிழைத்தால், எங்கே, எப்போது, யார் செய்தது என்று தேடிப் போகலாம்.

அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்புக்கூறல் என்ற சொல்லைப் பதினைந்து வருடங்களாகக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. ஜெனீவாவில் பேசுகிறார்கள், அறிக்கை வருகிறது, கலைகிறார்கள். அது ஏதோ பெரிய மண்டபங்களில் நடக்கும் காரியம் என்று நானும் நினைத்திருந்தேன். அதன் சரியான பொருளை லங்கஷயரின் ஒரு பழைய காசநோய் வைத்தியசாலையில்தான் கண்டேன். என்னால் உனக்கு இது நடந்தது என்று சொல்வது. திரும்ப வா, பார்க்கிறேன் என்று அழைப்பது. பிழைத்ததை எழுதி வைப்பது. இனி யாருக்கும் நடக்காதபடி செய்வது. முந்நூறு பேருக்கு ஒரு தனி மனிதரால் அதைச் செய்ய முடிந்திருக்கிறது.

என் இடுப்புக்குள் இரண்டு தடவை உலோகம் போயிருக்கிறது. இரண்டாவதற்கு இலக்கம் இருக்கிறது. முதலாவதற்கு இன்னும் இல்லை.